ஹாஸ் முதல் ஹாஸ் வரை: யார்க்‌ஷயர் டேல்ஸில் மூன்று பெரிய ஏற்றங்களைக் கடக்கும் ஒருநாள் சைக்கிள் சுற்று

இங்கிலாந்தின் வடபகுதியில், பென்னைன் மலைத்தொடரின் மடியில் கிடக்கும் யார்க்‌ஷயர் டேல்ஸ், 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலப்பகுதி. டேல் என்பது வடக்கத்தியர் பள்ளத்தாக்குக்குச் சொல்லும் சொல். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஆறு ஓடுகிறது. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடையே மரமே இல்லாத, கரிய சதுப்பும் புதரும் மூடிய ஒரு மேட்டுநிலம் நிற்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் அந்த மேட்டை ஏறி இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வழிகாட்டியில் வரும் சுற்று அப்படி மூன்று முறை ஏற வைக்கிறது. வென்ஸ்லிடேலில் உள்ள ஹாஸ் என்ற சந்தை ஊரில் புறப்பட்டு, பட்டர்டப்ஸ் கணவாய் வழியாக ஸ்வேல்டேலில் இறங்கி, அங்கிருந்து டான் ஹில் ஏறி, ஆர்க்கன்கார்த்டேல் வழியாக ரீத் வரை வந்து, கிரிண்டன் மேட்டைத் தாண்டி மீண்டும் வென்ஸ்லிடேலுக்கு வந்து ஹாஸில் முடிகிறது.

மொத்தத் தூரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். சமவெளியில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். நானும் முதல் முறை அப்படித்தான் நினைத்து, மதியச் சாப்பாட்டுக்கு ஹாஸுக்கே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மதியம் ஒரு மணிக்கு ரீத் ஊரின் புல்வெளியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, இன்னும் ஒரு மலை பாக்கி இருந்தது.

எண்கள் ஏமாற்றுவதற்குக் காரணம் சாலைகளின் பிறப்பில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைச் சாலைகள் பலவும் வண்டிகளுக்காகத் திட்டமிட்டு வெட்டப்பட்டவை. சரிவைக் குறைக்க வளைந்து வளைந்து, கிட்டத்தட்ட ஒரே சீராக ஏறும். டேல்ஸின் பழைய பாதைகள் பொதிக்குதிரைகளும் ஆட்டு மந்தைகளும் நடந்து உண்டாக்கியவை. குதிரைக்குக் குறுக்குவழிதான் பிடிக்கும். அந்தத் தடத்தின் மேலேயே பின்னாளில் தார் போடப்பட்டதால், சாலை ஓரிடத்தில் 5 சதவீதச் சரிவில் போய்க்கொண்டிருந்து, ஒரு வளைவு தாண்டியதும் 17 சதவீதமாக எழுந்து நிற்கும், பிறகு திடீரென்று சமமாகும், மறுபடி எழும். சீரான மிதிப்புக்கு இடமே கிடைக்காது. இந்தச் சுற்றின் கடினம் முழுவதும் அந்தச் சீரின்மையில்தான் அடங்கியிருக்கிறது.

எந்தத் திசையில் சுற்றுவது

இதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் வட்டத்தை எப்படிச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான், ஆனால் உடம்புக்கு ஒன்றல்ல. இங்கே பெரும்பாலான நாள்களில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசுகிறது. கடிகாரம் சுற்றும் திசையில் போனால், டான் ஹில்லிலிருந்து ரீத் வரையிலான 18 கிலோமீட்டரும் காற்று முதுகில் தள்ளும். மறைப்பே இல்லாத மொட்டை மேட்டில் இது பெரிய கொடை. கடைசி 25 கிலோமீட்டரில் காற்று முகத்தில் அடிக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே நீங்கள் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில், இருபுறமும் கல் சுவர்களும் மரங்களும் மறைக்கும் சிறு சாலையில் இருப்பீர்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ரீத்திலிருந்து டான் ஹில் வரை எதிர்காற்றில் ஏறிவிட்டு, களைத்த கால்களோடு பட்டர்டப்ஸை அதன் வடபுறமாக ஏற வேண்டியிருக்கும். கிழக்குக் காற்று வீசும் அபூர்வ நாள்களைத் தவிர, கடிகாரத் திசையையே தேர்ந்தெடுங்கள்.

எப்போது போவது

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஏற்ற காலம். ஜூன் இறுதியில் இரவு ஒன்பதரையைத் தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், எங்காவது தாமதமானாலும் இருட்டில் மாட்டிக்கொள்ளும் அச்சம் இல்லை. ஸ்வேல்டேலின் புல்வயல்கள் பூத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன்தான் காலம். ஜூலையில் வைக்கோலுக்காக அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். மேட்டுநிலத்தில் ஹெதர் புதர் ஊதாவாகப் பூப்பது ஆகஸ்டில். ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் குட்டி போட்ட ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும் என்பதால் இறக்கங்களில் வேகம் எடுக்கவே முடியாது. செவ்வாய்க்கிழமை ஹாஸில் சந்தை நாள். வண்டிகள் அதிகம், நிறுத்த இடம் கிடைப்பது கடினம். வேறொரு கிழமையில் போவது நல்லது.

வானிலையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 ஜூலை இறுதியில் பெய்த பெருமழையில் ஸ்வேல்டேலும் ஆர்க்கன்கார்த்டேலும் வெள்ளக்காடாகி, கிரிண்டன் மேட்டுச் சாலையில் ஒரு பாலமே இடிந்து விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யார்க்‌ஷயரில் நடந்த உலகச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் பந்தயப் பாதையிலிருந்து, மழையின் காரணமாகப் பட்டர்டப்ஸும் கிரிண்டன் மேடும் அன்றைக்கே நீக்கப்பட்டன. உலகின் தேர்ந்த வீரர்களுக்கே வேண்டாம் என்று முடிவான நாளில் நாம் வீம்புக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. கனமழை எச்சரிக்கையோ பலத்த காற்றோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வண்டியைத் தயார்ப்படுத்துதல்

சைக்கிளின் விலையைவிட அதன் மிகச் சிறிய கியரே இங்கே முக்கியம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவர், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர். 17 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைக் காக்க 300 வாட்டுக்கு மேல் திறன் தேவைப்படும். அது பந்தய வீரர்களின் கணக்கு. முன்னால் 26 பல் இருந்தால் அதே மிதிப்பில் வேகம் மணிக்கு 5.7 கிலோமீட்டராகக் குறையும், தேவைப்படும் திறனும் 240 வாட் அளவுக்கு இறங்கும். அதுவும் எளிதல்ல, ஆனால் சில நிமிடங்கள் தாங்கக்கூடியது. ஆகவே மலைக்கான சுற்றுலா சைக்கிளோ, கரடுமுரடான பாதைக்கான கிராவல் சைக்கிளோ எடுத்துக்கொண்டு, மிகச் சிறிய கியரில் முன்பல் பின்பல்லைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் சொன்னால் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்றித் தருவார்கள். இந்த ஒரு செலவு மற்ற எல்லாச் செலவையும்விடப் பயனுள்ளது.

பிரேக் கட்டைகளை முந்தைய வாரமே பாருங்கள். தேய்மானம் பாதியைத் தாண்டியிருந்தால் புதிது போட்டுவிடுங்கள். டயர் 32 மில்லிமீட்டர் அகலமோ அதற்கு மேலோ இருக்கட்டும். சாலையோரத்தில் மழை அரித்துக் கொண்டுவந்த சரளை எப்போதும் கிடக்கும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, டயர் நெம்பி, செயினை இணைக்கும் ஒரு விரைவு இணைப்பு ஆகியவற்றோடு, பகலானாலும் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மேட்டில் பனிமூட்டம் இறங்கினால் நண்பகலிலும் ஐம்பது அடிக்கு அப்பால் வண்டி தெரியாது.

உடையில் ஒரே விதி: மேலே குளிரும். 300 மீட்டர் ஏறினால் வெப்பநிலை இரண்டு டிகிரி அளவுக்குக் குறையும். அதன் மேல் காற்று. ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினால், அடிவாரம் வருவதற்குள் விரல்கள் விறைத்துப் பிரேக்கை அழுத்த மறுக்கும். மழைச்சட்டையையும் முழுவிரல் கையுறையையும் ஜூலையிலும் எடுத்துச் செல்லுங்கள். உச்சிக்கு வந்ததும், குளிரத் தொடங்கும் முன்பே அவற்றைப் போட்டுக்கொள்வது பழக்கமாக வேண்டும்.

சாப்பாட்டில் இந்த ஊர் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. ஹாஸ் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் துறவிகள் தொடங்கிவைத்த தொழில் அது. யார்க்‌ஷயர்க்காரர்கள் உலர்பழக் கேக்கின் மேல் அந்தப் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கடித்துச் சாப்பிடுகிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு ஒவ்வவில்லை. டான் ஹில்லில் மழைக்கு ஒதுங்கி நின்று கைக்குட்டையைப் பிரித்து ஒரு வாய் வைத்த பிறகு, ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு துண்டு கட்டிக்கொண்டுதான் புறப்படுகிறேன். இனிப்பு, கொழுப்பு, உப்பு மூன்றும் ஒரே கையளவில் இருக்கின்றன. மொத்தத்தில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் அரை லிட்டர் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

வரைபடம் வாசித்தல்

ஸ்வேல்டேலில் கைபேசிச் சிக்னல் பல இடங்களில் கிடைப்பதில்லை. வழித்தடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதோடு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் காகித வரைபடமும் கையில் இருக்கட்டும். அதில் சாலையின் மேல் அம்புக்குறிகள் இருக்கும்: ஒற்றை அம்பு என்றால் சரிவு 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்பு என்றால் 20 சதவீதத்துக்கு மேல். அம்பின் முனை எப்போதும் பள்ளத்தை நோக்கும். உங்கள் பயணத் திசைக்கு எதிரே நோக்கும் அம்பைக் கண்டால் அது ஏற்றம்.

பெயர்களும் தரையைப் பற்றிச் சொல்லும். இந்த மலைகளுக்குப் பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியேறிய நார்ஸ் மக்கள். கெல்ட் என்றால் ஊற்று, த்வெய்ட் என்றால் காட்டை வெட்டித் திருத்திய இடம், ஃபோர்ஸ் என்றால் அருவி, ஃபெல் என்றால் குன்று, பெக் என்றால் ஓடை. சைக்கிள் ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது இந்தப் பெக் என்ற சொல்லைத்தான். சாலை ஒரு பெக்கைக் கடக்கிறது என்றால் ஒரு கூரிய இறக்கம், ஒரு குறுகிய பாலம், உடனே ஒரு கூரிய ஏற்றம் என்று புரிந்துகொள்ளுங்கள். பாலத்துக்கு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

முதல் ஏற்றம்: பட்டர்டப்ஸ்

காலை எட்டு மணிக்கு ஹாஸை விட்டுக் கிளம்புவது நல்ல கணக்கு. வடக்கே யூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை ஒரு குறுக்குச் சாலையில் முட்டும். அங்கே இடப்பக்கம் திரும்பி, சிறிது தூரத்தில் மியூக்கர் என்ற கைகாட்டியைப் பார்த்து வலப்பக்கம் ஏறுங்கள். தசைகள் சூடாவதற்கு ஒரு கிலோமீட்டர்தான் கிடைத்திருக்கும். அதற்குள் சைமன்ஸ்டோன் மேடு வந்துவிடும். விருப்பமிருந்தால் மலையேறும் முன் ஹார்ட்ரா வரை போய், ஊர் மதுக்கூடத்தின் வழியாக உள்ளே நுழைந்து, ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் அருவியைப் பார்க்கலாம். ஆனால் அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

2014 ஜூலை 5 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் முதல் கட்டப் பந்தயம் லீட்ஸில் தொடங்கி ஹாரோகேட்டில் முடிந்தபோது, இந்த ஏற்றத்தை 4.5 கிலோமீட்டர், சராசரி 6.8 சதவீதம் என்று குறித்திருந்தார்கள். சராசரியை நம்ப வேண்டாம். தொடக்கத்திலேயே, இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே, மிகக் கடுமையான பகுதி வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் ஒரு கேட்டில் கிரிட் வரும். கால்நடைகள் தாண்டிவிடாதபடி சாலையின் குறுக்கே குழி வெட்டி, அதன் மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பதைத்தான் இப்படி அழைக்கிறார்கள். சுற்று முழுவதும் இவை வரும். ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், குழாய்களுக்கு நேர்க்குத்தாகக் கடந்துவிட வேண்டும். மழை நாளில் அந்தக் குழாய்கள் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும்.

கேட்டில் கிரிட்டுக்கு அப்பால் சுவர்கள் விலகி மேட்டுநிலம் திறக்கிறது. இடையில் சாலை கொஞ்சம் இளகும். அங்கே வேகம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மூச்சைச் சீராக்குங்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். இந்த முதல் ஏற்றத்தில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கே உழைக்க வேண்டும். பேச்சு அறுந்து அறுந்து வந்தால், மதியத்துக்கு வைத்திருக்கும் பணத்தைக் காலையிலேயே செலவழிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

உச்சி 526 மீட்டர். மேற்கே 716 மீட்டர் உயரமுள்ள கிரேட் ஷன்னர் ஃபெல், கிழக்கே லவ்லி சீட். உச்சியைத் தாண்டி இறங்கும்போது சாலையோரமாகவே சுண்ணாம்புப் பாறையில் ஆழமான குழிகள் தெரியும். சில 20 மீட்டர் வரை ஆழமானவை. ஹாஸ் சந்தைக்கு வெண்ணெய் சுமந்து போன குடியானவர்கள், இங்கே இளைப்பாறும்போது வெண்ணெய் உருகாமலிருக்க அதைக் கயிற்றில் கட்டி அந்தக் குளிர்ந்த குழிக்குள் இறக்கி வைத்தார்கள் என்றும், வெண்ணெய்த் தொட்டிகள் என்று பொருள்படும் பட்டர்டப்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது என்றும் சொல்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பாருங்கள், ஆனால் விளிம்பில் ஈரப்பாசி இருக்கும்.

அடுத்து வரும் இறக்கம்தான் நாளின் மிக ஆபத்தான பகுதி. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கம்பி வேலி, அதற்குக் கீழே பள்ளம். ஸ்வேல்டேல் இன ஆடுகளுக்குக் கறுத்த முகமும் வெளுத்த மூக்கும் சுருண்ட கொம்பும் உண்டு. அவற்றின் பழக்கம் என்னவென்றால், சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் இருந்தால், உங்களைக் கண்டதும் குட்டி தாயை நோக்கித்தான் ஓடும், அதாவது உங்கள் சக்கரத்துக்குக் குறுக்கே. இரண்டு பக்கமும் ஆடு தெரிந்தால் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி அழுத்துங்கள். சக்கரத்தின் விளிம்பான ரிம்மை அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் தொடர்ந்த உராய்வில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. கடைசியில் சாலை நேராகக் கீழே விழுந்து ஒரு குறுக்குச் சாலையில் முடிகிறது. அங்கே முழுமையாக நின்றே ஆக வேண்டும்.

த்வெய்டிலிருந்து டான் ஹில் வரை

குறுக்குச் சாலையில் இடப்பக்கம் திரும்பினால் த்வெய்ட். ரிச்சர்ட் கியர்டன், செரி கியர்டன் என்ற சகோதரர்கள் பிறந்த ஊர். காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகள், 1892இல் பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்தவர்கள். ஊரைத் தாண்டியதும் கெல்ட் வரை ஏற்றமும் இறக்கமுமாக நான்கு கிலோமீட்டர். வழியெங்கும் வயலுக்கொன்றாகக் கல் கொட்டில்கள் நிற்கும். குளிர்காலத்தில் மாடுகளைக் கீழ்த்தளத்திலும் வைக்கோலை மேல்தளத்திலும் வைப்பதற்காகக் கட்டியவை.

கெல்ட் ஊர் சாலைக்கு வலப்புறம் பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் நிரப்ப வேண்டுமானால் மட்டும் இறங்குங்கள். ஏனென்றால் திரும்ப ஏற வேண்டும். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், டான் ஹில் என்ற கைகாட்டியில் வலப்பக்கம் திரும்பி ஸ்வேல் ஆற்றின் மேலுள்ள பாலத்தைக் கடந்ததும், சாலை கொண்டை ஊசி வளைவுகளாக எழும்புகிறது. வளைவின் உட்புறம் மிகச் செங்குத்து. எதிரே வண்டி வரவில்லை என்று உறுதியானால் மட்டும் சற்று வெளிப்புறமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெஸ்ட் ஸ்டோன்ஸ்டேல் குடியிருப்புக்குப் பிறகு நான் மேலே சொன்ன பெக் வருகிறது. இங்கேதான் ஒருமுறை என் செயின் கழன்றது. இறக்கத்தின் வேகத்திலேயே பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று பெரிய கியரில் வந்தேன். மேடு எழுந்ததும் முழு பலத்தையும் பெடலில் போட்டுக்கொண்டே கியரை மாற்ற, செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிப் போய், சக்கரக் கம்பிகளுக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு விரல்களால் செயினை ஒவ்வொரு கண்ணியாக நெம்பி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் ஓர் ஆடு மூன்றடி தூரத்தில் நின்று மென்றுகொண்டே பார்த்தது. கியர் மாற்றும்போது பெடலில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதிதான். களைப்பில் முதலில் மறப்பதும் அதைத்தான்.

பிறகு திறந்த மேட்டில் நீண்ட ஏற்றம். கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டடம் டான் ஹில் மதுக்கூடம். கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் இது பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் உள்ள மதுக்கூடம். 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது, பாட்டுக் கச்சேரிக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பனி மூடியதால் மூன்று இரவுகள் இதற்குள்ளேயே தங்க நேர்ந்தது. பதினொரு மணி அளவில் இங்கே வந்து சேர்ந்தால் நேரக் கணக்கு சரியாக இருக்கிறது. சூடாக ஒரு தேநீர் போதும். பெரிய சாப்பாட்டை ரீத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தபின் குளிர்ந்த காற்றில் 18 கிலோமீட்டர் இறங்குவது சுகமாக இருக்காது.

ஆர்க்கன்கார்த்டேல்

மதுக்கூடத்தின் முன்னால் வலப்பக்கம், ரீத் கைகாட்டி. இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குக் காற்று இருந்தால் பெடலே மிதிக்காமல் பாதி தூரம் போகலாம். மேட்டிலிருந்து இறங்க இறங்க, ஈயச் சுரங்கங்களின் பழைய கழிவு மேடுகள் சரிவுகளில் புல்லின்றிச் சாம்பல் நிறமாகத் தெரியும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வாழ்ந்தது. லாங்த்வெய்டுக்குப் பிறகு சின்னச் சின்ன மேடுகள் வரும், அவற்றையும் நிதானமாக ஏறுங்கள்.

ரீத் ஊரின் சாய்ந்த புல்வெளியைச் சுற்றித் தேநீர்க் கடைகளும் மதுக்கூடங்களும் உண்டு. ஒரு மணி நேரம் முழுதாக ஓய்வெடுங்கள். காலணியைக் கழற்றிவிடுங்கள். வண்டியில் ஏதேனும் சத்தம் இருந்தால் இங்கேயே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அடுத்து வருவது ஆளற்ற மேடு. கிளம்பும் முன் வானத்தையும் கால்களையும் பற்றி நேர்மையாக ஒரு முடிவு எடுங்கள். மழை கறுத்து வந்தாலோ முழங்கால் வலித்தாலோ, ஸ்வேல் ஆற்றோடு மியூக்கர் வரை போய்ப் பட்டர்டப்ஸ் வழியாகத் திரும்புவது குறுக்குவழிபோலத் தெரியும். அந்த வலையில் விழ வேண்டாம், அதன் வடபுற ஏற்றம் கிரிண்டனைவிடக் கடுமை. அப்படிப்பட்ட நாளில் ரீத்திலேயே இரவு தங்குவதுதான் நல்ல தீர்வு.

மூன்றாம் ஏற்றம்: கிரிண்டன் மேடு

ஃப்ரெமிங்டன் வழியாகப் போய் வலப்பக்கம் திரும்பி ஸ்வேல் பாலத்தைத் தாண்டினால் கிரிண்டன். இங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை டேல்ஸின் பேராலயம் என்பார்கள். ஒரு காலத்தில் மேல் ஸ்வேல்டேல் முழுவதுக்கும் இதுவே கல்லறைத் தோட்டமுள்ள தேவாலயமாக இருந்ததால், கெல்ட் பக்கத்துக் குடிகள் இறந்தவர்களைப் பிரம்புக் கூடையில் வைத்து 25 கிலோமீட்டர் தோளில் சுமந்து வந்தார்கள். அந்த வழிக்குப் பிணவழி என்றே பெயர்.

தேவாலயத்தைத் தாண்டிய அடுத்த நொடியே ஏற்றம். டூர் டி பிரான்ஸ் இதையும் 3 கிலோமீட்டர், 6.6 சதவீதம் என்று கணக்கிட்டது, ஆனால் அது லேபர்ன் என்ற ஊருக்குப் போகும் கிளைக்கு. பழைய வேட்டை மாளிகையாக இருந்து இப்போது இளைஞர் விடுதியாக உள்ள கிரிண்டன் லாட்ஜ் அருகே சாலை பிரியும்போது, நாம் வலப்பக்கம் ரெட்மயர் கிளையில் போக வேண்டும். அது இன்னும் நீளமாக, இன்னும் தனிமையாக ஏறிக்கொண்டே போகிறது.

சாப்பாட்டுக்குப் பின் வருகிற ஏற்றம் என்பதால் முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் கால்கள் மரக்கட்டையாக இருக்கும். அது பலவீனமல்ல, ஓய்ந்த தசை மறுபடி சூடாக அவ்வளவு நேரம் ஆகும். மிகச் சிறிய கியரில், இருக்கையில் அமர்ந்தபடியே, ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல் மிதியுங்கள். எழுந்து நின்று மிதிப்பதை நூறு மிதிப்புக்குப் பத்து என்ற அளவில், முதுகுக்கு மாறுதல் தருவதற்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே போய் வண்டி தள்ளாடத் தொடங்கினால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகமும் அதிகம் குறையாது. நான் ஒருமுறை தள்ளிக்கொண்டு போனபோது நாலுசக்கர மோட்டார் வண்டியில் நாயோடு வந்த வயதான மேய்ப்பர் ஒருவர் நிறுத்தி, "இன்னும் இரண்டு பொய் உச்சி இருக்கிறது, மூன்றாவதுதான் மெய்" என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

மெய்யான உச்சியில் வென்ஸ்லிடேல் முழுவதும் தெற்கே விரிகிறது. ரெட்மயருக்கு இறங்கும் சாலை குறுகலானது, நடுவில் புல் முளைத்த இடங்களும் உண்டு. எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமிருக்காது என்பதை மனத்தில் வைத்து இறங்குங்கள்.

வென்ஸ்லிடேல் வழியாக வீடு திரும்புதல்

டேல்ஸின் பள்ளத்தாக்குகள் பலவும் ஆற்றின் பெயரால் வழங்க, இதுவோ வென்ஸ்லி என்ற சிற்றூரின் பெயரால் வழங்குகிறது. ஆற்றின் தென்கரையில் ஏ684 நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் லாரிகள் உண்டு. நாம் வடகரைச் சிறு சாலையிலேயே ரெட்மயர், காசில் போல்டன், கார்ப்பர்பி, ஆஸ்க்ரிக், செட்பஸ்க் என்று ஹாஸ் வரை போகிறோம். காசில் போல்டனில் 14ஆம் நூற்றாண்டுக் கோட்டை சாலையை ஒட்டியே நிற்கிறது. ஸ்காட்லாந்து அரசி மேரி 1568 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் இதில் சிறை வைக்கப்பட்டிருந்தார்.

மூன்று மலை ஏறியாயிற்று, இனி சமவெளி என்று மனம் தளர்ந்துவிடும் இந்த இடத்தில்தான் பலர் சாப்பிட மறக்கிறார்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் எதிர்காற்று இருக்கிறது. சிறு மேடுகள் ஓயாது. காசில் போல்டனிலேயே மிச்சமுள்ள கேக் துண்டை முடித்துவிடுங்கள். இருவராகப் போனால், இரண்டிரண்டு நிமிடம் மாறி மாறி ஒருவர் பின்னால் ஒருவர் காற்று மறைவில் வரலாம். ஆனால் முன்னால் போகிறவர் குழி, சரளை, ஆடு எல்லாவற்றையும் கையால் காட்ட வேண்டும். வாகன ஓட்டிகள் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட சாலை விதி சொல்கிறது. கல் சுவர்களுக்கிடையே அந்த இடைவெளிக்கு இடமே இல்லாத பகுதிகளில், ஓரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் சாலையின் நடுப்பகுதியில் ஓட்டி, வசதியான இடம் வந்ததும் நின்று வழிவிடுவதுதான் பாதுகாப்பு.

எட்டு மணிக்குப் புறப்பட்டவர் ஐந்து மணி அளவில் ஹாஸில் இருப்பார். வழியில் யாருக்கேனும் அடிபட்டால் 999 எண்ணை அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு தேவை என்று சொல்ல வேண்டும்.

ரயிலில் வருபவர்கள்

செட்டில்–கார்லைல் பாதையில் உள்ள கார்ஸ்டேல் நிலையத்தில் இறங்கினால் ஹாஸ் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். காலையில் பெரும்பாலும் இறக்கம்; மாலையில் அதுவே எதிர்காற்றில் ஏற்றம். மொத்தத் தூரம் 95 கிலோமீட்டராகிவிடும். ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, ரயில்களும் குறைவு. ஆகவே கடைசி ரயிலுக்கு முந்தையதைக் குறிவைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து நிலையத்துக்குப் போகும் சிறு சந்து நாளின் கடைசிச் செங்குத்து, அதை நான் எப்போதும் தள்ளிக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன். நடைமேடையில் ரஸ்வார்ப் என்ற நாயின் வெண்கலச் சிலை நிற்கிறது. இந்த ரயில் பாதையை மூடுவதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்ட மனுவில் கட்டணம் செலுத்தும் பயணி என்ற முறையில் தன் பாதத் தடத்தைப் பதித்த நாய் அது. 1989இல் பாதை காப்பாற்றப்பட்டது. ரயில் வரும்வரை சிலையின் பக்கத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கால்களை நீட்டிக்கொள்ளலாம்.